எல்லைக்கு வெளியே உள்ள காட்டுக்கு நகரத்தின் பணம்: எந்த வழியில் கொடுத்தால் நிற்கும்?

நகர எல்லையிலிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஓர் இயற்கைக் காப்பகம். நிலம் வேறு ஊராட்சிகளில் கிடக்கிறது. பராமரிப்பு வனத்துறையிடமோ ஓர் அறக்கட்டளையிடமோ இருக்கிறது. பணம் போதவில்லை, நகரம் கைகொடுக்க வேண்டும் என்று கோரிக்கை வருகிறது. மன்றத்தில் எழும் முதல் கேள்வி எந்த ஊரிலும் ஒன்றுதான்: “நம்ம எல்லையிலேயே இல்லாத காட்டுக்கு நம்ம வரிப்பணம் எதுக்கு?”

நியாயமான கேள்வி. “பசுமை முக்கியம்” என்பது இதற்குப் பதிலாகாது. மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். நகரத்தின் குடிநீர் அந்த நிலத்தில் விழும் மழையிலிருந்து வருகிறதா? அங்கே தேங்கி நிற்கும் தண்ணீர், தேங்க இடமில்லாவிட்டால் நகரத்துக்குள் வருமா? விடுமுறை நாளில் அங்கே குவியும் கூட்டம் நகரத்துக் கூட்டமா? மூன்றுக்கும் “இல்லை” என்றால் கோப்பை மூடிவிடலாம். ஒன்றுக்காவது “ஆம்” என்றால், நகரம் ஏற்கெனவே காசு கொடுக்காமல் பயனை அனுபவித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மிச்சமிருப்பது எவ்வளவு, எந்த வழியில் என்ற பேச்சு மட்டும்.

கணக்குப் போடும் முன் ஒரு நம்பிக்கையைக் கழற்றி வைப்பது நல்லது. காடு இருந்தால் ஆற்றில் தண்ணீர் கூடும் என்பது எல்லா இடத்திலும் உண்மையில்லை. மரம் தண்ணீர் குடிக்கும். புல்வெளியும் புதர்க்காடுமாக இருந்த மலையில் வெளியூர் மரங்கள் பெருகினால் ஓடை மெலியும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 2018 தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பிறகு நடந்த கணக்கெடுப்பு இதைத்தான் காட்டியது: நீர்ப்பிடிப்பு மலைகளில் பரவியிருந்த பைன், அகேசியா, யூகலிப்டஸ் மரங்கள் ஆண்டுக்குச் சுமார் 5,500 கோடி லிட்டரை உறிஞ்சிக்கொண்டிருந்தன. அது நகரத்தின் இரண்டு மாதத் தேவை. காப்பகத்தால் நகரத்துக்கு உறுதியாகக் கிடைப்பது தண்ணீரின் தெளிவு. மண் அரிப்பு குறைவதால் கலங்கல் குறையும், சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரச் செலவு குறையும். சிறிய, நடுத்தர வெள்ளங்களின் உச்சமும் தணியும். நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் பேய்மழையை எந்தக் காடும் தடுக்காது. கோரிக்கை மனுவில் அப்படி வாக்குக் கொடுத்திருந்தால் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். முதல் பெருவெள்ளத்தில் திட்டத்தின் பெயரே கெட்டுப்போகும்.

இனி வழிகள்.

நிலத்தை வாங்கிவிடுவது

எல்லோரும் எடுத்துக்காட்டும் ஊர் நியூயார்க். அதன் குடிநீரில் சுமார் 90 சதவீதம் கேட்ஸ்கில், டெலவேர் நீர்ப்பிடிப்புகளிலிருந்து வடிகட்டாமலே வருகிறது. வடிகட்டும் ஆலை கட்டினால் 600 முதல் 800 கோடி டாலர் ஆகும் என்று 1990களில் மதிப்பிட்டார்கள். இயக்கும் செலவு தனி. அதற்குப் பதிலாக 1997 ஒப்பந்தத்தின்படி, 100 முதல் 150 கோடி டாலர் அளவிலான தொகையில் மேட்டுநிலப் பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். நிலம் வாங்குவது அதில் ஒரு பகுதி. வீடுகளின் கழிவுநீர்த் தொட்டிகளைச் சீர்செய்வது, மாட்டுப்பண்ணைக் கழிவு ஓடையில் கலக்காமல் பார்ப்பது, ஓடைக்கரையைப் பலப்படுத்துவது எல்லாம் சேர்ந்ததே திட்டம்.

பலரும் விட்டுவிடும் இரண்டு ஷரத்துகள் இதில் உண்டு. விற்க விரும்புபவரிடம் மட்டுமே நகரம் வாங்கலாம். கட்டாயக் கையகப்படுத்தல் கிடையாது. அணை கட்டிய காலத்தில் கிராமங்களை வலுக்கட்டாயமாக எடுத்துத் தண்ணீரில் மூழ்கடித்ததால் வந்த கசப்பு தலைமுறை தாண்டியும் ஆறாமல் இருந்ததால் பிறந்த ஷரத்து அது. இரண்டாவது, வாங்கிய நிலத்துக்கு நகரமே அந்த ஊர்களுக்குச் சொத்துவரி கட்டுகிறது. இது இல்லாவிட்டால் காப்பகம் வளர வளர ஊராட்சியின் வருமானம் குறையும். பள்ளிக்கும் சாலைக்கும் பணம் இல்லாத ஊர் காட்டை நேசிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்த வழியின் பலம் நிரந்தரம். பலவீனம், வாங்கிய மறுநாளிலிருந்து தொடங்கும் செலவு: எல்லைக்கல், வேலி, காவல், தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாமலிருக்கச் செடிகொடி நீக்கிய பட்டை), களைமரம் (பரவிப் பெருகும் வெளியூர் மரம்) அகற்றல். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிற நகரங்களே அதிகம். கொள்முதலுக்கு ஒப்புதல் தரும் அதே தீர்மானத்தில் பத்தாண்டுப் பராமரிப்புத் தொகையும் இல்லையென்றால் வாங்க வேண்டாம் என்பேன்.

நிலத்தை விட்டுவிட்டு, கட்டும் உரிமையை மட்டும் வாங்குவது

உரிமையாளர் நிலத்தில் இருப்பார், உழுவார், மேய்ப்பார். மனை போடுவதில்லை, ஓடைக்கரையில் மரம் வெட்டுவதில்லை என்று பத்திரத்தில் பதிந்து கொடுத்து அதற்கு ஒரு தொகை வாங்கிக்கொள்வார். அந்தக் கட்டுப்பாடு நிலத்தோடு போகும். யார் வாங்கினாலும் பொருந்தும். வாங்குவதைவிடச் செலவு குறைவு, வரியும் ஊராட்சிக்கே தொடரும். ஜெர்மனியின் மியூனிக் நகரக் குடிநீர் நிறுவனம் இதற்கு நெருக்கமான ஒன்றைச் செய்கிறது: மாங்ஃபால் பள்ளத்தாக்கின் நீர்ப்பிடிப்பில் இயற்கை வேளாண்மைக்கு மாறும் விவசாயிகளுக்கு 1992 முதல் பரப்பளவு கணக்கில் பணம் தருகிறது. நைட்ரேட்டைக் குழாயில் வந்த பிறகு எடுப்பதைவிட வயலிலேயே நிறுத்துவது மலிவு என்ற கணக்கு.

கோளாறு எங்கே வரும்? கையெழுத்துப் போட்டவரிடம் அநேகமாக வராது. நிலம் கைமாறும்போது வரும். புதிய உரிமையாளர் “இங்கே பாதை முன்பே இருந்தது” என்பார். அப்போது கையில் ஆதாரம் வேண்டும். பதிவு நாளன்றே புவியிடக் குறியுடன் படங்கள், ஓடையின் இரு கரையிலும் இருக்கும் கட்டுமானங்களின் பட்டியல், இருதரப்புக் கையொப்பம் ஆகியவற்றைக் கோப்பில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். நடந்து பார்க்க ஆளும், வழக்குப் போடப் பணமும் ஒதுக்காத இடத்தில் பத்திரம் வெறும் காகிதம்.

ஆண்டு மானியம்

அரசியலுக்கு மிக எளிது, காட்டுக்கு மிக மோசம். ஏன் என்பதைக் களைமரம் அகற்றும் வேலையிலிருந்தே காட்டலாம்.

பெரும்பாலான பைன் மரங்களைத் தரையோடு, கீழ்க்கிளை எதுவும் மிஞ்சாமல் வெட்டினால் திரும்பத் துளிர்க்காது. யூகலிப்டஸும் அகேசியாவில் பலவும் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். வெட்டிய சில நிமிடங்களுக்குள் கட்டையின் விளிம்பில், பட்டையை ஒட்டிய ஈரமான வளையத்தில் களைக்கொல்லி பூச வேண்டும். வெட்டுவாய் காய்ந்து அடைபட்டுவிட்டால் மருந்து உள்ளே இறங்காது. ஆகவே ரம்பக்காரருக்குப் பின்னாலேயே மருந்துக்காரர் நடக்க வேண்டும். இது முதல் சுற்று. அகேசியா விதைகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும்; வெளிச்சம் பட்டாலோ தீ ஓடினாலோ மொத்தமாக முளைக்கும். அடுத்த ஆண்டு வந்தால் அவை கையால் பிடுங்கும் நாற்று. மூன்றாண்டு கழித்து வந்தால் மறுபடி ரம்பம், அதுவும் ஆள் நுழைய முடியாத புதருக்குள். முதல் சுற்றுக்குக் கொடுத்த பணம் அவ்வளவும் வீண்.

ஆண்டு மானியம் இந்தச் சுற்றுக் கணக்கை அறியாது. நிதியாண்டு தொடங்கி, ஒப்புதல், டெண்டர், பணி ஆணை என்று நகர்ந்து முதல் தவணை கைக்கு வரச் சில மாதங்கள் போய்விடும். கோடைக்கு முன்பே வெட்ட வேண்டிய தீத்தடுப்புக் கோட்டுக்குக் கோடை முடிந்த பிறகு பணம் வரும். “மார்ச்சுக்குள் செலவழி, இல்லாவிட்டால் திருப்பிக் கொடு” என்ற விதி சேர்ந்தால் அந்தப் பணம் நுழைவாயில் வளைவாகவும் பெயர்ப்பலகையாகவும் மாறிவிடும். வரவு குறைந்த ஆண்டில் முதலில் வெட்டப்படுவதும் இந்தத் தலைப்புதான். கழுதை தேய்ந்து கட்டெறும்பாகும்.

இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று. நகரம் பத்து பங்கு கொடுக்க ஆரம்பித்தவுடன், மேலே இருக்கும் அரசு தன் ஒதுக்கீட்டில் பத்து பங்கைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொள்ளும். காப்பகத்துக்கு ஒரு காசும் கூடியிருக்காது. கடந்த மூன்றாண்டுச் சராசரிக்குக் கீழே அரசின் பங்கு போனால் நகரத்தின் பங்கும் நிற்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் எந்தப் பணத்தையும் விடக் கூடாது.

தனி வரி, தண்ணீர்க் கட்டணத்தில் பங்கு

அமெரிக்காவின் போல்டர் நகரத்தில் 1967-ல் மக்களே வாக்களித்து, நகரைச் சுற்றியுள்ள திறந்தவெளி நிலங்களைக் காக்க விற்பனையில் 0.4 சதவீதம் வரி போட்டுக்கொண்டார்கள். இந்தச் செலவுக்கென்றே ஒதுக்கப்பட்ட வரி என்பதால் ஆண்டுதோறும் மன்றத்தில் கெஞ்ச வேண்டியதில்லை. குறை: விற்பனை வரி சந்தையோடு ஏறி இறங்கும், மந்த ஆண்டில் காவலர் சம்பளத்துக்கே இழுபறி வரலாம்.

தண்ணீர்க் கட்டணம் இன்னும் நிதானமானது. விலைவாசி எப்படி இருந்தாலும் குழாய் திறக்கப்படும். ஈக்வடாரின் கிட்டோ நகரம் 2000-ல் தொடங்கிய நீர் நிதி இதில் முன்னோடி. நகரக் குடிநீர் நிறுவனம் 20,000 டாலரும் ஒரு பாதுகாப்பு அமைப்பு 1,000 டாலரும் போட்டுத் தொடங்கியது. 80 ஆண்டு ஆயுளுள்ள அறக்கட்டளையாகப் பதிந்தார்கள். பிறகு நகரச் சட்டமே வந்து, குடிநீர் நிறுவனம் தன் விற்பனை வருவாயில் 2 சதவீதத்தை அதற்குக் கட்ட வேண்டும் என்றானது. பணம் தருபவரும் தண்ணீர் குடிப்பவரும் ஒருவரே என்பதால் மன்றத்தின் முதல் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

எச்சரிக்கை ஒன்று: சதவீதத்தை எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி போட்டால் குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்கு உறுத்தும். அடிப்படை அளவுக்கு மேல் உள்ள பயன்பாட்டில் மட்டும் போடுவது மேல்.

வைப்பு நிதி

லண்டனின் எப்பிங் காடு 1878 சட்டத்தின்படி சிட்டி ஆஃப் லண்டன் கார்ப்பரேஷன் (லண்டனின் மையத்தில் உள்ள சிறு பகுதியின் நகராட்சி) பொறுப்பில் வந்தது. சுமார் 2,400 ஹெக்டேர்; முழுவதும் அந்த நகராட்சியின் எல்லைக்கு வெளியே. உள்ளூர் வரியிலிருந்து அல்லாமல் கார்ப்பரேஷனின் சொந்தச் சொத்து நிதியிலிருந்தே பெரும்பாலும் நடக்கிறது. ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்ததற்கு இது பெரிய காரணம்.

ஆனால் இப்படியொரு பழைய சொத்து எல்லா நகரத்துக்கும் இல்லை. புதிதாகத் தொடங்கினால் கணக்கு கசக்கும்: ஆண்டுக்கு 4 சதவீதம் மட்டும் எடுத்து மூலதனத்தைத் தேயவிடாமல் வைக்க வேண்டும் என்றால், ஆண்டுச் செலவைப்போல 25 மடங்கு மூலதனம் வேண்டும். முதல் நாளே அவ்வளவு யாரிடமும் இருக்காது. அதனால் வரும் தொகையில் ஒரு பகுதியைச் செலவழித்து, ஒரு பகுதியை மூலதனத்தில் சேர்த்துக்கொண்டே போவதுதான் நடக்கக்கூடியது.

நுழைவுக் கட்டணமும் நன்கொடையும்

ஒரே வாசல் உள்ள காப்பகத்தில் கட்டணம் சரி. எட்டுப் பாதை வழியாக ஆள் நுழையும் இடத்தில் வசூலிப்பவரின் சம்பளமே வசூலைத் தின்றுவிடும். மூடிவைக்க வேண்டிய இனப்பெருக்கக் காலத்திலும் “வருமானம் போகுதே” என்று திறந்து வைக்கும் சபலம் வேறு. நன்கொடையாளர்கள் விலங்குக்கும் கட்டடத்துக்கும் தருவார்கள். இலை அடைத்த வடிகுழாயைத் தூர்வார யாரும் தருவதில்லை. அது அடைத்தால் ஒரே மழையில் நடைபாதை ஓடையாகிவிடும். துணை வருமானமாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

எதைத் தேர்ந்தெடுப்பது

குடிநீர் தொடர்பு உள்ள நகரத்துக்கு என் தேர்வு: தண்ணீர்க் கட்டணத்தில் சிறு பங்கு, அது போய்ச் சேர ஒரு தனி அறக்கட்டளை, அதிலிருந்து ஐந்தாண்டு வேலை ஒப்பந்தம். நிலம் வாங்குவதை ஓடைக்கரைகளுக்கும் நீர்த்தேக்க விளிம்புக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் கட்டும் உரிமையை வாங்கலாம். வெறும் பொழுதுபோக்குத் தொடர்பு மட்டுமே இருந்தால் இத்தனை ஏற்பாடு தேவையில்லை. வாகன நிறுத்தம், கழிப்பறை, குப்பை அள்ளல், மீட்புக் குழு ஆகிய நான்கின் செலவில் நகரத்தின் பங்கைக் கட்டினால் போதும். அந்தப் பங்கை ஊகிக்க வேண்டாம். நான்கு பருவத்திலும் ஒரு வேலைநாள், ஒரு விடுமுறை நாள் வாசலில் நின்று எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டு எண்ணினால் விகிதம் கிடைத்துவிடும்.

தொகை விடுவதை வேலையின் விளைவோடு கட்டுங்கள். எத்தனை ஹெக்டேர் “வெட்டப்பட்டது” என்ற அறிக்கைக்குப் பணம் தந்தால் முதல் சுற்று மட்டுமே நடக்கும். இரண்டாம், மூன்றாம் சுற்று முடிந்த பரப்புக்கும், மழைக்குப் பிந்திய நாள்களில் நீரெடுப்பு முனையில் எடுத்த கலங்கல் அளவுக்கும் தவணையைக் கட்டினால் ஆள்கள் திரும்பிப் போவார்கள். வடிகட்டாத நீருக்கு அமெரிக்க விதி கலங்கலில் 5 அலகு வரம்பு வைத்திருக்கிறது. கேட்ஸ்கிலில் களிமண் கரைகள் சரியும் புயல்நாள்களில் அந்த எண் எகிறி, நியூயார்க்கே படிகாரம் கலக்க வேண்டி வந்திருக்கிறது. எனவே ஓர் ஆண்டு எண்ணை வைத்து யாரையும் தூக்கில் போட வேண்டாம். ஐந்தாண்டுப் போக்கைப் பாருங்கள்.

அறக்கட்டளைக் குழுவில் காப்பகத்தை ஒட்டிய ஊர்களுக்கு வாக்குரிமையோடு இடம் வேண்டும். எப்பிங்கில் அந்தக் காட்டில் மேய்ச்சல் உரிமை உள்ளவர்கள் ஏழாண்டுக்கு ஒருமுறை நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து நிர்வாகக் குழுவுக்கு அனுப்புகிறார்கள். தீ மூண்டால் நகரத்து வண்டி வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். முதலில் தழையோடு ஓடி வருவது அந்த ஊர்க்காரர்கள்தான்.