ரசம் கொட்டாத வேகம்: சீலா, மாடல் 3-ஆ?

என்னுடையது பி.ஒய்.டி. சீல் பெர்ஃபார்மன்ஸ். மச்சானுடையது டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ். இரண்டும் மின்சாரக் கார். எனக்கு கோலாலம்பூருக்கு வெளியே ரவாங்கில் தரைவீடு, அவருக்கு நகருக்குள்ளே பங்சாரில் கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு. எது நல்ல கார் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் வாய்ச்சண்டை போட்டு அலுத்துப்போய், இந்த முறை இரண்டு வாரத்துக்குச் சாவியை மாற்றிக்கொண்டோம்.

முதலில் எல்லாரும் கேட்கும் கணக்கு. நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட டெஸ்லாவுக்கு 3.1 விநாடி, சீலுக்கு 3.8. சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபெடரல் நெடுஞ்சாலையில் இரண்டுமே ஏதோ ஒரு மைவி சின்னக் காரின் பின்னால்தான் நிற்கும். எண்ணில் தெரியும் அந்த 0.7 விநாடியை இந்த ஊர் சாலையில் நான் ஒரு முறைகூட உணரவில்லை.

உணர்ந்தது வேறொன்று. சீல் வாங்கிய புதிதில் கிள்ளானிலிருந்து அம்மாவைக் கூட்டிவந்தேன். அவர் மடியில் ரசத் தூக்கு. டோலைத் தாண்டி ஒரு லாரியை முந்தும்போது கால் கொஞ்சம் அதிகமாக அழுந்திவிட்டது. பெட்ரோல் காரில் கியர் இறங்கி, இன்ஜின் உறுமி, அப்புறம்தான் வண்டி பாயும். பின்னால் இருப்பவர் அதற்குள் எதையாவது பிடித்துக்கொள்வார். மின்சாரக் காரில் அந்த எச்சரிக்கையே கிடையாது. 670 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் மிதித்த மறுகணமே சக்கரத்துக்கு வந்துவிடுகிறது. தூக்கின் மூடி தெறித்தது. "ஏன்டா, பறக்கப் போறியா?" என்றார் அம்மா. மிளகு வாசம் போக ஒரு வாரம் ஆனது. அன்றிலிருந்து அவர் ஏறினால் பாய்ச்சலை மட்டுப்படுத்தும் 'ஈகோ' (Eco) ஓட்டுமுறைதான். டெஸ்லாவில் இதற்குச் 'சில்' (Chill) என்று ஒரு முறை இருக்கிறது. அதைப் போட்டால் வண்டி நிஜமாகவே சாதுவாகிவிடுகிறது.

சார்ஜ் விஷயத்தில்தான் இரண்டும் உண்மையாகப் பிரிகின்றன. சீலில் இருப்பது 82.5 யூனிட் (கிலோவாட்-மணி) எல்.எஃப்.பி. பேட்டரி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. இந்த வகையை நூறு சதவீதம் வரை நிரப்பலாம். சொல்லப்போனால் அவ்வப்போது முழுக்க நிரப்பினால்தான் மீதி எவ்வளவு என்று காருக்கே சரியாகத் தெரியும். மச்சானுடையது நிக்கல் கலந்த பேட்டரி. அன்றாடம் 80 சதவீதத்தில் நிறுத்தச் சொல்கிறது நிறுவனம். வாங்கும்போது இரண்டுக்கும் 500 கிலோமீட்டருக்கு மேல் என்றுதான் சொல்வார்கள், ஆனால் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது முழுத் தொட்டியோடு கிளம்புவது நான்தான்.

என் வீட்டுச் சார்ஜரில் மணிக்கு 7 யூனிட் ஏறும். இரவில் செருகிவிட்டால் விடிவதற்குள் ஐம்பதுக்கு மேல் ஏறியிருக்கும். வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு ஏறக்குறைய 45 காசு, நூறு கிலோமீட்டருக்கு 18 யூனிட் போகிறது. ஆக எட்டு ரிங்கிட். நேரம் பார்த்து விலை வைக்கும் கட்டணத் திட்டத்துக்கு மாறியவர்களுக்கு இரவு பத்து மணிக்கு மேல் இன்னும் கொஞ்சம் குறையும். கொண்டோவில் இருக்கும் மச்சானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தன் பார்க்கிங்கில் சார்ஜர் மாட்ட அனுமதி கேட்டு நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் போட்டார், மூன்றுக்கும் "பரிசீலிக்கிறோம்" என்றுதான் பதில். வெளியில் வேகச் சார்ஜரில் போட்டால் யூனிட் ஒரு ரிங்கிட்டுக்கு மேல். அதே நூறு கிலோமீட்டர் 18 ரிங்கிட்டைத் தாண்டிவிடும். நூறு கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர் குடிக்கும் சாதாரண காருக்கு 1.99 ரிங்கிட் மானிய பெட்ரோல் ஊற்றினால் 16 ரிங்கிட்தான். மின்சாரக் கார் மிச்சம் பிடிக்கும் என்பதெல்லாம் வீட்டில் பிளக் இருப்பவர் பேசும் பேச்சு.

ஆனால் வெளியிலேயே சார்ஜ் போட்டாக வேண்டும் என்றால் டெஸ்லாதான் கெட்டிக்காரன். அது 250 கிலோவாட் வரை இழுக்கும், சீல் 150-ஓடு சரி. அந்த உச்சமும் பேட்டரி காலியாக இருக்கும்போது சில நிமிடம்தான், பிறகு படிப்படியாக இறங்கிவிடும். பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போய்வரும்போது வித்தியாசம் தெரிகிறது. போக மட்டும் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 110-இல் போனால் சீல் ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் அங்கே போய் உடனே பிளக் தேட வேண்டும். பண்டிகைக் காலத்தில் இன்னொன்று: 180 கிலோவாட் என்று எழுதியிருக்கும் சில சார்ஜர்களில் பக்கத்தில் இன்னொரு கார் செருகினால் ஆளுக்குப் பாதிதான். அப்போது யார் கார் எவ்வளவு இழுக்கும் என்ற பெருமையெல்லாம் செல்லாது, இருவருமே தே தாரிக் குடிக்கப் போக வேண்டியதுதான்.

கெந்திங் மலைப்பாதையில் நான் தோற்றேன். சீலின் எடை 2,185 கிலோ, டெஸ்லா அதைவிட முந்நூறு கிலோவுக்கு மேல் குறைவு. நேர்சாலையில் தெரியாத இந்தக் கனம் ஒவ்வொரு வளைவிலும் தோளில் வந்து உட்காருகிறது. டெஸ்லா திருப்பியதும் திரும்பியது. என் காருக்கு ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது. 1,700 மீட்டர் உயரம் ஏற, உருளும் செலவு போக, பாரத்தைத் தூக்கவே ஒன்பது பத்து யூனிட் வேண்டும். இறங்கும்போது அதில் நல்ல பங்கு மோட்டார் வழியாகப் பேட்டரிக்குத் திரும்புகிறது. டெஸ்லாவில் பெடலிலிருந்து காலை எடுத்தாலே போதும், மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்துவிடுகிறது; பாதி மலை வரை பிரேக்கைத் தொடவில்லை. சீலில் அந்தப் பிடிப்பு மென்மையானது, கால் பிரேக்குக்குப் போய்க்கொண்டே இருந்தது. ஒரு எச்சரிக்கை: மேலே தங்கிவிட்டுப் பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரிக்குத் திரும்ப வாங்கிக்கொள்ள இடமில்லை, எந்தக் காரானாலும் பாரமெல்லாம் பிரேக்கின் தலையில்தான் விழும்.

மலையிறங்கி ஊருக்குள் வந்ததும் சந்தோஷம் கொஞ்சம் குறைந்தது. மச்சானுடைய டெஸ்லாவில் சிக்னல் தண்டு கிடையாது, ஸ்டீயரிங்கில் பொத்தான். ரவுண்டபோட்டில் ஸ்டீயரிங் பாதி திரும்பியிருக்கும்போது இடது எது வலது எது என்று என் கட்டைவிரல் தடுமாறியது. "ஒரு மாசத்துல பழகிடும்" என்கிறார் மச்சான். சிக்னல் போடப் பழக ஒரு மாதமா?

டயரும் இருக்கிறது. டெஸ்லாவுக்கு 20 அங்குலச் சக்கரம், முன்னால் 235, பின்னால் 275 மில்லிமீட்டர் அகலம். அளவு வேறு என்பதால் முன்பின் மாற்றிப் போட முடியாது; பின் டயர்கள் தேய்ந்தால் ஜோடியாகப் புதிது வாங்க வேண்டியதுதான். பக்கவாட்டு ரப்பரும் மெல்லிசு. மழைக்குப் பிறகு ஜாலான் ஈப்போவில் தண்ணீர் நின்ற ஒரு குழியைப் பார்த்ததும் என் வயிறு கலங்கியது. சீலில் நான்கும் ஒரே அளவு, 19 அங்குலம், சுற்றி மாற்றலாம். இரண்டிலும் ஸ்பேர் டயர் இல்லை என்பதை மட்டும் வாங்குமுன் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

விலையை நீட்டி எழுதுவதில் பயனில்லை. சீல் 2024-இல் இங்கே வந்தபோது 199,800 ரிங்கிட், டெஸ்லா அதைவிட நாற்பதாயிரம் அளவுக்குக் கூடுதல். முழுதாக இறக்குமதியாகும் மின்சாரக் கார்களுக்கான வரிவிலக்கு 2025 கடைசியோடு முடிந்தது, சாலை வரியும் 2026 முதல் மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்துப் போடுகிறார்கள். பவர் வேண்டும் என்றால் ஆண்டுதோறும் அதற்கும் கட்ட வேண்டும்.

"சத்தமே இல்லையே, இது என்ன கார்?" என்பவர்கள் ஹூண்டாயின் 'ஐயோனிக் 5 N' காரின் பக்கம் போகலாம். இல்லாத கியரை இருப்பதுபோல் உதறலோடும் உறுமலோடும் நடித்துக் காட்டும். முதலில் சிரிப்பு வந்தது. பத்து நிமிடத்தில் நானும் கியர் மாற்றிக்கொண்டிருந்தேன். அது தனி உலகம், பட்ஜெட்டும் தனி.

இரண்டு வாரம் முடிந்து சாவிகள் கைமாறின. நான் சீலோடுதான் இருக்கிறேன், அம்மாவும் பின்சீட்டில் ஏற மறுக்கவில்லை. கெந்திங் ஆசை வந்தால் மட்டும் மச்சானுக்கு போன் போடுகிறேன். அவரும் யோசிக்காமல் கொடுத்துவிடுகிறார், முந்தின நாள் ராத்திரியே காரைக் கொண்டுவந்து என் வீட்டுப் பிளக்கில் செருகிவிட்டு.