திருமலையில் மரம் பார்க்க ஐநேச்சுரலிஸ்ட்

திருமலையில், அதாவது எங்கள் திருகோணமலையில், நிற்கிற மரங்களின் பெயரை அறிய ஆசைப்படுகிற எவருக்கும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியைத் தயங்காமல் சொல்வேன். இலவசம், விளம்பரத் தொல்லையும் இல்லை. 2008இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கியது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இலையை மாத்திரம் படம் எடுத்துவிட்டு விடையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஏன் என்பது கடற்கரைப் பக்கம் போனாலே விளங்கும். பூவரசுக்கும் இதய வடிவ இலை, நீர்ப்பருத்திக்கும் அப்படித்தான். இரண்டிலும் மஞ்சள் பூ. இலையைத் திருப்பிப் பாருங்கள். நீர்ப்பருத்தியில் அடிப்பக்கம் சாம்பல் நிற மென்மயிர் படர்ந்திருக்கும், பூவரசில் வழவழப்பு. காய் கிடைத்தால் சந்தேகமே வராது. நீர்ப்பருத்திக் காய் முற்றி ஐந்தாகப் பிளக்கும், பூவரசங்காய் பிளக்காமல் கொப்பிலேயே காய்ந்து கறுத்து நிற்கும். ஒரே பதிவில் பல படங்கள் சேர்க்கலாம் என்பதால் இலையின் இரு பக்கம், காய், பட்டை, முழு மரம் எல்லாவற்றையும் போடுகிறேன். கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற பாதையில் கொப்பு கைக்கு எட்டாவிட்டால், கீழே விழுந்த இலையும் காயும் போதும்.

சமண்டலைக்கும் இதய வடிவ இலைதான். மூன்றும் ஒரே பருத்திக் குடும்பம். ஆனால் சமண்டலைக் காய்க்குச் சிறு காற்றாடிபோல் சிறகுகள் இருக்கும். என் அப்பா தச்சர். மரக்காலையில் கிடக்கிற பலகையைத் தொட்டுப் பார்த்தே இது முதிரை, இது சமண்டலை என்பார். இந்தச் சமண்டலையைத்தான் ஆங்கிலேயர் காலத்தில் ‘ட்ரிங்கோமலி வுட்’ என்று எங்கள் ஊர்ப் பெயரிலேயே மதராசுக்கு ஏற்றினார்கள். அங்கே அலையடிப்பில் சரக்கு இறக்கிய மசூலா படகுகளை அதில் கட்டினார்கள். அப்படிப்பட்ட மரத்தை, பலகையாக அல்லாமல் இலையும் காயுமாக, இந்த ஊர்ப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பது என் பெரிய ஆசை. உயிரியல் படிப்பிக்கிறவள் என்பதால் மட்டும் சொல்லவில்லை.

செயலி படத்தைப் பார்த்துச் சில பெயர்களைப் பரிந்துரைக்கும். அருகில் ஏற்கெனவே பதிவான இனமென்றால் அதையும் காட்டும். அது தொடக்கம்தான். பிறகு மனிதர்கள் வந்து பார்க்கிறார்கள்; குறைந்தது இருவர் பெயரிட்டு, பெயரிட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் பதிவுக்கு ‘ஆய்வுத் தரம்’, அதாவது ஆய்வுக்குப் பயன்படத் தக்கது என்ற நிலை, கிடைக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த ஏற்பாடுதான். போதிய படங்கள் சேராத இனத்தைக் கணினி பரிந்துரைக்கவே மாட்டாது. அதனால் எங்கள் பக்கத்துப் பாலை, வீரை, கருங்காலி எல்லாவற்றையும் நாங்கள்தான் ஏற்ற வேண்டும். பாலை காய்க்கிற காலம் தவறவிடக் கூடாதது: மஞ்சள் பழம், நுனி உள்வாங்கிய இலை, முறித்தால் கசியும் பால், மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும்.

நகரத்து மரங்களைப் பார்க்கையில் இந்தச் செயலிக்கு ஒரு குறை உண்டு. நட்டு வளர்த்த மரங்களை அப்படியே குறிக்கச் சொல்கிறது. குறித்தால் அவை ஆய்வுத் தரத்துக்குப் போகா. வீதியோர நிழல்மரங்களில் பெரும்பாலானவை நட்டவை. பெயர் அறிவதற்கு இது தடையில்லை என்றாலும், ஊரின் மரக் கணக்கெடுப்பாக இதை நினைக்க முடியாது.

கன்னியாவுக்கு அப்பால் டேட்டா இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பதிவைச் சேமித்து வீட்டுக்கு வந்து ஏற்றலாம். வீட்டு வளவில் எடுத்த படமென்றால் இருப்பிடத்தை மறைத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இதே குழுவினரின் ‘சீக்’ செயலி நல்லது. கணக்குத் திறக்கத் தேவையில்லை, கமராவை மரத்துக்கு நேரே பிடித்தாலே பெயரைத் தேடத் தொடங்கும்.