குமுளிக் கடைகளின் நிவாரணக் கிட்: தார்ப்பாய் தேறுகிறது, வாளி தேறவில்லை

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களுக்காக (வரிசை வீடுகள்) சங்கங்களும் மன்றங்களும் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே மொத்தமாக வாங்கி வைக்கும் கிட் இது. ஐந்து பேருக்கு ஒரு மூட்டை.

தார்ப்பாய் 4 மீட்டருக்கு 6 மீட்டர். சர்வதேச நிவாரண அமைப்புகள் தரும் அதே அளவு. நல்ல கனம். கயிற்றை ஓர வளையத்தில் மட்டும் கட்டினால் மலைக்காற்றில் வளையம் பிய்ந்துவிடும். விளிம்பில் ஒரு கூழாங்கல்லைப் பொதிந்து, அதன் கழுத்தில் சுருக்குப் போட்டால் தாங்கும். ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் கூரை வேண்டும். கூடாரமாகச் சரித்துக் கட்டினால் ஒரு தார்ப்பாய் போதாது, இரண்டு கேளுங்கள்.

பெரிய குறை தண்ணீரில்தான். 10 லிட்டர் வாளி ஒன்று, மூடி கிடையாது, கூடவே ஒரு மக். 1994 ஜூலையில் ருவாண்டா அகதிகள் குவிந்த, அண்டை நாடான சையரின் (இன்றைய காங்கோ) கோமா நகர முகாம்களில், சில வாரங்களில் காலரா பல்லாயிரம் பேரைக் கொன்றது. அந்தத் தோல்வியை ஆராய்ந்த பிறகு 1997இல் தொடங்கியதுதான், நிவாரண உதவிக்குக் குறைந்தபட்சத் தரங்களை வகுத்த ஸ்ஃபியர் திட்டம். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர். மொண்டுவர ஒரு பாத்திரம், சேமிக்க மூடியுள்ள இன்னொன்று என்று அது வரையறுத்தது. திறந்த வாளியில் கை பட்டால் சுத்தம் செய்த தண்ணீரும் கெடும்.

குளோரின் மாத்திரை 67 மில்லிகிராம். அது 20 லிட்டர் தெளிந்த நீருக்கானது. இந்த 10 லிட்டர் வாளியில் போட்டால் நெடி தாங்காமல் மாத்திரையையே ஒதுக்கிவிடுவார்கள். 33 மில்லிகிராம் மாத்திரை கேட்டு வாங்குங்கள். கலங்கல் நீரானால் மடித்த துணியில் வடிகட்டி, இரட்டிப்பாகப் போட்டு, அரை மணி நேரம் விட வேண்டும். உள்ளிருக்கும் குறிப்பு மலையாளத்தில் மட்டும் இருக்கிறது. லயத்துப் பெரியவர்கள் பலருக்குத் தமிழ்தான் வாசிக்கத் தெரியும். தமிழில் ஒரு தாள் அச்சிட்டு வையுங்கள்.

அரிசி 10 கிலோ, பருப்பு 2 கிலோ, எண்ணெய் 1 லிட்டர். 'ஒரு வாரத்துக்கு' என்கிறது சீட்டு. ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி என்று கணக்கிட்டால் ஐந்து நாள்கூட வராது.

நைட்டி, லுங்கி எல்லாம் புதியவை. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்தில் பழந்துணி தெருவோரம் குவிந்து மக்கியதை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம். உள்ளாடையும் நாப்கினும் மட்டும் இல்லை.

மூட்டையில் கொடி, சின்னம் அச்சிட்டுத் தருவதாகக் கடைக்காரர் சொன்னால் மறுத்துவிடுங்கள். உதவி யாருடைய அதிகாரத்துக்கும் கருவியாகக் கூடாது. கோமாவில் தொடக்கத்தில் உணவு முகாம் தலைவர்கள் கைவழியே போனது. ருவாண்டாவில் இனப்படுகொலை செய்துவிட்டு அகதிகளோடு வந்தவர்களே அதை வைத்து ஆட்களைப் பிடியில் வைத்திருந்தார்கள். கங்காணி, சங்கத் தலைவர் யாரிடமும் மொத்தமாக ஒப்படைக்காமல் வீட்டுக்கு வீடு, முடிந்தவரை பெண்கள் கையிலேயே கொடுங்கள். கைக்குழந்தை, படுத்த நோயாளி உள்ள வீடுகளுக்கு முதலில்.