தஞ்சாவூர் மராத்தியா, சௌராஷ்டிரமா?

காவிரிக் கரையில் தமிழோடு புழங்கும் வீட்டு மொழி ஒன்றைக் கற்க ஆசையென்றால், முதலில் சௌராஷ்டிரத்தைத்தான் சொல்வேன். கும்பகோணம், தாராசுரம் நெசவுத் தெருக்களில் அது இன்னும் தொழிலோடு ஒட்டியிருக்கிறது. தறியில் இழை அறுந்தால் உள்ளே குரல் கொடுப்பது சௌராஷ்டிரத்தில்; புடவை வாங்க வந்தவரிடம் விலை பேசுவது தமிழில். இரண்டும் ஒரே மூச்சில் நடக்கும், கேட்கவே அழகு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதைக் குஜராத்தியின் கீழ் வைத்தாலும், பேசுவோர் 2,47,702 பேர் என்று தனியாகக் காட்டுகிறது. சொந்த எழுத்தும் உண்டு. 2008இல் யூனிகோடில் ஏறியது. ஆனால் பலரும் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்கிறார்கள்.

மராத்தியோ அரண்மனை வழி வந்தது. 1855 வரை தஞ்சையில் இருந்த மராத்திய போன்ஸ்லே அரசர்களின் மொழி. பெரிய கோயில் திருச்சுற்றுச் சுவரில் இரண்டாம் சரபோஜி 1803இல் வெட்டுவித்த குடும்ப வரலாறு, சரஸ்வதி மகால் நூலகத்தில் மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் உள்ள ஆவணக் கட்டுகள்... எழுத்துச் செல்வம் இதன் பக்கம்தான். பேச்சோ வீட்டுக்குள் சுருங்கிவிட்டது. கணக்கெடுப்பிலும் பொது மராத்தியோடு கலந்துபோவதால் நம்மூர்க்காரர்கள் எத்தனை பேர் என்றே தெரிவதில்லை. அது எனக்குப் பெரிய வருத்தம்.

பழைய ஆவணம் படிக்க விருப்பமா? அப்போது மராத்தியோடு மோடியும் பழகுங்கள். பேசிப் பழக வேண்டுமென்றால் நெசவுத் தெருதான் சரி.