நாள்பட்ட கழுத்து வலிக்குச் சூட்டூசி: ஒரு சிங்கப்பூர் சிகிச்சை அனுபவம்

கணினி வேலையால் ஆண்டுக்கணக்கில் நீடித்த கழுத்து வலிக்காக, சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் இயங்கும் சீன மருத்துவ நிலையத்தில் சூட்டூசி சிகிச்சை பெற்றேன். அக்குபஞ்சர் ஊசியைச் செலுத்திய பின், அதன் கைப்பிடியில் மோக்சா துண்டைச் செருகிப் பற்றவைக்கும் முறை இது. உலர்ந்த இலைகளை இடித்துப் பஞ்சுபோல் ஆக்கிச் சுருட்டியதே மோக்சா. அதற்குரிய செடி நம் மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்தது என்றாலும், புகையில் அந்த மணத்தை எதிர்பார்க்க வேண்டாம். நெடி உடையில் வீடு வரை வரும்.

குப்புறப் படுக்கவைத்து, பிடரி முடியோரத்தில் உள்ள ஃபெங்ச்சி என்னும் அக்குபஞ்சர் புள்ளிகளில் வெறும் ஊசிகளை மட்டும் இட்டார்கள். ஏழாம் கழுத்தெலும்புக்குக் கீழுள்ள தாச்சுவே புள்ளியிலும், அழுத்தினால் வலித்த தோள் தசைகளிலும்தான் மோக்சா எரிந்தது. சாம்பல் தோலில் விழாதபடி ஊசியைச் சுற்றி அட்டை வைத்திருந்தார்கள். ஊசி வழியாக வெப்பம் ஆழத்துக்கு இறங்குகிறது என்பது மரபின் விளக்கம். நான் உணர்ந்தது பெரும்பாலும் தோலின்மேல் பரவிய கதகதப்பையே. ஆயினும் இறுகிக் கிடந்த தசை அதில் தளர்ந்ததை மறுக்க முடியாது. சிகிச்சை முடிந்ததும் கழுத்தை இரு புறமும் எளிதாகத் திருப்ப முடிந்தது; ஆனால் அந்த இலகு சில நாள்களே நிலைத்தது, பிசியோதெரபி பயிற்சிகளைத் தொடர்ந்த வாரங்களில் மட்டும் சற்றுக் கூடுதலாக நீடித்தது.

மருத்துவர் பொறுமையானவர், கையில் மரமரப்போ பலவீனமோ உண்டா என்று கேட்டறிந்த பிறகே ஊசியை எடுத்தார், தோளில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகும் ஆபத்து உண்டு என்பதையும் விளக்கினார். குறை உதவியாளரிடம் இருந்தது. ஒருமுறை கங்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அவர் அறையை விட்டு வெளியேறினார். குப்புறக் கிடப்பவரால் திரும்பிப் பார்க்கவும் முடியாது, அசையவும் கூடாது. தோல் சிவந்ததோடு போயிற்று என்றாலும், இந்தச் சிகிச்சையில் நெருப்பருகே ஆள் நிற்பதைவிட முக்கியமான சேவை எதுவும் இல்லை என்பது என் கருத்து. புகாருக்குப் பின் அழைப்பு மணி ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்.

நாள்பட்ட கழுத்து வலி உடைய 517 பேரிடம் பிரிட்டனில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், வழக்கமான மருத்துவத்துடன் அக்குபஞ்சரும் பெற்றவர்களுக்கு ஓராண்டு முடிவிலும் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. அது சூட்டூசி பற்றிய ஆய்வன்று; எனவே மோக்சாவுக்கென இந்த நிலையம் வாங்கும் கூடுதல் கட்டணத்தை அதைக் காட்டி நியாயப்படுத்த இயலாது. எனக்கு அந்தக் கதகதப்பு பிடித்திருப்பதால் கொடுக்கிறேன். பிடிக்காதவர்கள் சாதாரண ஊசியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டின் சட்டப்படி சீன மருத்துவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதால், பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பதில் தயக்கம் வேண்டியதில்லை. கருவுற்றவர்களும் இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும் அதை முதலிலேயே தெரிவிக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் முன்பதிவின்போதே புகையில்லா மோக்சா வேண்டும் என்று சொல்லிவிடலாம். இங்கே கேட்பவர்களுக்கு மட்டுமே அதைத் தருகிறார்கள்.