மூணு வருஷமாக விமான தூரம் பார்க்கும் செயலி: தூரம் சரி, நேரம்தான் வெறும் கணக்கு

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ போக எவ்வளவு நேரம் ஆகும் என்று. இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் தூரமும் பறக்கும் நேரமும் காட்டுகிற செயலியைத் திறந்து பார்த்தேன். சுமார் 7,800 கிலோமீட்டர், 9 மணி 40 நிமிடம். அப்படியே அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "என்னடா, டிக்கெட்டில் 13 மணி நேரம்னு போட்டிருக்கு?"

மூணு வருஷமாக பறக்கும் நேரத்தைக் காட்டும் அந்த ஒரு கட்டம்தான் என்னை எரிச்சலூட்டுகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீதான படையெடுப்புக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் ஒன்றுக்கொன்று வான்வெளியை மூடிக்கொண்டன. சைபீரியாவுக்கு மேலே நேராகப் போன ஹெல்சிங்கி விமானங்கள் அன்றிலிருந்து வட துருவம் வழியாகவோ தெற்கே சுற்றியோ போகின்றன. செயலிக்கு இது எதுவும் தெரியாது. நாலைந்து ஊர்களைப் போட்டுப் பார்த்ததில் புரிந்துவிட்டது, மணிக்கு 850 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து தூரத்தை வகுத்து, அரை மணி நேரம் சேர்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

போர், தடை எதுவும் இல்லாத வழியிலும் இதே கதைதான். லண்டன் - நியூயார்க் 5,540 கிலோமீட்டர் என்பதால் போக 7 மணி, வர 7 மணி என்று காட்டும். ஆனால் விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று என்ற வேகமான காற்று ஓடுகிறது, அதை எதிர்த்துப் போகும்போது அட்டவணையிலேயே 8 மணி நேரத்தை ஒட்டி இருக்கும், திரும்பும்போதுதான் 7. 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னாலிருந்து தள்ளியதில் ஒரு போயிங் 747 விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. எந்தத் திசையில் போகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட இந்தத் தவறு பாதியாகக் குறைந்திருக்கும்!

சரி, நல்லதையும் சொல்லிவிட வேண்டும். தூரத்தில் இது என்னை ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. சிங்கப்பூர் - நியூயார்க் போட்டபோது கோடு வட துருவத்தின் பக்கமாக ஏறி இறங்கியது, முதலில் நான் நம்பவில்லை. பிறகு மேசையில் இருந்த உலக உருண்டையில் ஒரு தையல் நூலை இரண்டு ஊருக்கும் நடுவே இழுத்துப் பிடித்தேன். நூல் வழுக்கிக்கொண்டு மேலே ஏறி, துருவத்துக்குப் பக்கத்தில் போய்த்தான் நின்றது. 15,300 கிலோமீட்டருக்கு மேல், அதுதான் குறுக்கு வழி. அன்றைக்கு வெகு நேரம் ஒவ்வொரு ஊராகப் போட்டு நூலோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால் தூரத்துக்கு 5க்கு 5. இருந்தாலும் மொத்தத்தில் 2தான் கொடுக்கிறேன். என்னிடம் இதுவரை ஒருத்தரும் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டதில்லை, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன் என்றுதான் கேட்கிறார்கள்.