வெள்ளவத்தைப் புடவைக் கடையொன்றில் பதினான்கு மாதங்கள்: பகுதிநேர ஊழியர் ஒருவரின் மதிப்பீடு

காலி வீதியில், வெள்ளவத்தைப் பகுதியிலுள்ள மூன்று மாடிப் புடவைக் கடையொன்றில் நான் பதினான்கு மாதங்கள் பகுதிநேர விற்பனை உதவியாளராக வேலை செய்தேன். தை மாத இறுதியில் அங்கிருந்து விலகி, பம்பலப்பிட்டியில் சிறு வணிகங்களுக்குக் கணக்கேடு எழுதிக் கொடுக்கும் அலுவலகமொன்றில் சேர்ந்தேன். கடைகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வாங்க வந்தவர்கள். மேசைக்கு உட்புறம் நின்றவர்கள் எழுதுவது அரிது. வெளியூர்களிலிருந்து கொழும்புக்குப் படிக்க வரும் மாணவர்கள் முதலில் விசாரிப்பது வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் உள்ள இத்தகைய கடைகளைத்தான் என்பதால், அவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் குறையாகச் சொல்லப்போகிறவை அயலிலுள்ள வேறு கடைகளிலும் நடப்பதாக என்னோடு படிக்கும் இருவர் சொல்லியிருக்கிறார்கள்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் பயில வவுனியாவிலிருந்து வந்தவள் நான். பல்கலைக்கழக மாணவர்களுக்கான மகாபொல மாதாந்த உதவித்தொகை 2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது உண்மையே. ஆயினும் தெஹிவளையில் இருவர் பகிர்ந்து தங்கும் அறையின் வாடகையில் என் பங்கைக் கூட அது நிரப்பவில்லை. வீட்டிலிருந்து பணம் கேட்கக்கூடாது என்ற எண்ணத்தில்தான் கடைக்குப் போனேன். கிழமையில் மூன்று நாட்கள் பிற்பகல் மூன்று மணி முதல் இரவு எட்டு மணி வரை வேலை, ஞாயிற்றுக்கிழமை முழுநாள். அரைநாளுக்கு 1,000 ரூபா, முழுநாளுக்கு 2,000 ரூபா. தேசிய ஆகக்குறைந்த நாட் சம்பளம் 2025 ஏப்ரல் முதல் 1,080 ரூபாவாகவும் 2026 ஜனவரி முதல் 1,200 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டிருப்பதோடு ஒப்பிட்டால், கூலி குறைவு என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. பரீட்சைக் காலத்தில் நான் எடுத்த விடுப்புகளைக் கழித்துப் பார்த்தால் மாதமொன்றுக்குச் சராசரியாக 20,000 ரூபா கையில் கிடைத்தது.

இந்தக் கடையில் நான் கற்றவை எந்த விரிவுரையிலும் கிடைத்திருக்காது. இரண்டாம் மாடியில், பட்டுச் சாறிப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த அக்கா இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே வேலை செய்பவர். முதல் நாளன்று அவர் என்னிடம் விலைப்பட்டியலைத் தரவில்லை; இரண்டு சாறிகளை மேசையில் விரித்து, அவற்றின் மறுபக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். காஞ்சிபுரம் பட்டில் உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் நெய்யப்பட்டுக் கோர்வையாக இணைக்கப்பட்டிருந்தால், இழைகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் அந்த இணைப்பை மறுபக்கத்தில் விரல் நுனியாலேயே உணரலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன். சந்தேகம் வரும்போது ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுவார். பட்டு நூலாயின் மயிர் கருகும் மணத்தோடு எரிந்து, விரலால் நசுக்கத் தூளாகும் சாம்பலாகிவிடும். பொலியெஸ்டராயின் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். வாங்க வந்தவர் கேட்டால் அவர் கண்முன்னாலேயே இந்தச் சோதனையைச் செய்து காட்ட முதலாளி அனுமதித்திருந்தார் என்பது அந்தக் கடையின் மீது நான் இன்றும் வைத்திருக்கும் மதிப்புக்கு ஒரு காரணம்.

கூறை எடுக்க வரும் நாட்களை நான் மறக்கமாட்டேன். மாப்பிள்ளை வீட்டார் நல்ல நாளும் நல்ல நேரமும் பார்த்து வருவார்கள். பாட்டி, தாய், சகோதரிகள், பெரியம்மா, சில சமயங்களில் பெண் வீட்டாரும் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அவர்களுள் யாருடைய சொல் கடைசியாக நிற்கும் என்பதைக் கண்டுபிடிப்பதே விற்பவரின் முதல் வேலை. அந்தச் சொல் பெரும்பாலும் அதிகம் பேசாத ஒருவருடையதாக இருக்கும். அக்கா அவருக்குத் தேநீர் கொடுக்கச் சொல்லிவிட்டு, விரித்த சாறியின் முந்தானையை அவர் பக்கமாகத் திருப்புவார். விலை கூடியதைத் தள்ளிவிட அவர் ஒருபோதும் முயன்றதில்லை. அந்தக் குடும்பம் அடுத்த கலியாணத்துக்கும் தன்னிடமே வரவேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. இதைப் பார்த்துப் பார்த்து நானும் பழகினேன். ஒசரிய என்ற கண்டியச் சாறி அணியும் சிங்களப் பெண்களும் அடிக்கடி வருவார்கள் என்பதால், பாடசாலையில் எழுத்தளவில் மட்டும் அறிந்திருந்த சிங்களத்தை எட்டு மாதங்களில் தடையின்றிப் பேசத் தொடங்கினேன். பின்னர் கிடைத்த வேலையில் அந்த மொழிப் பழக்கம் எவ்வளவு உதவியது என்பதை நினைக்கும்போது கடைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்றே உணர்கிறேன்.

ஆனால் இரவு எட்டு மணிக்குப் பிறகு அந்தக் கடை வேறொரு கடையாகிவிடும். கதவை இறக்கியதும் எங்கள் சம்பள நேரம் முடிந்துவிடும். விரித்த சாறிகள் மட்டும் அப்படியே கிடக்கும். கூறை எடுத்த நாளில் ஒரே குடும்பத்துக்காக அறுபது சாறிகள் விரிக்கப்பட்டிருக்கும். ஐந்தரை மீற்றர் பட்டுச் சாறியொன்றைச் சரிகை கசங்காமல் மடிக்க வேண்டும் என்பதால் அவசரமாகச் செய்யக்கூடிய வேலையும் அதுவல்ல. சராசரியாக நாளொன்றுக்கு நாற்பது நிமிடங்கள் நாங்கள் அதற்காகவே நின்றோம். கிழமைக்கு நான்கு நாட்கள், அறுபது கிழமைகள் என்று கணக்கிட்டால் அது 160 மணித்தியாலங்கள். அதற்கு ஒரு ரூபா கூடக் கிடைக்கவில்லை. கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோருக்கான 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலங்கள், கிழமைக்கு 45 மணித்தியாலங்கள் என்று வரையறுத்து, அதற்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கொடுக்கச் சொல்கிறது. என்னைப் போன்ற அரைநாள் ஊழியருக்கு ஒன்றரை மடங்கு பொருந்தாமல் போகலாம். காலை ஒன்பது மணிக்கே வந்து நிற்கும் அக்காமாருக்கு அது ஒவ்வொரு நாளும் பொருந்தியது. அவர்களும் கேட்கவில்லை.

உட்காருவது பற்றியும் சொல்லவேண்டும். பட்டுச் சாறிப் பகுதியில் வாங்க வந்தவர்களுக்கு எட்டு நாற்காலிகள் இருந்தன. ஊழியர்களுக்கு ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் 2021 இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கொடுப்பதைக் கட்டாயமாக்கினார்கள். அங்கிருந்து சாறிகளைத் தருவிக்கும் நம்முடைய கடைகளில் இந்தச் செய்தியைக் கேள்விப்பட்டவர் எவரையும் நான் சந்திக்கவில்லை.

நான் விலகத் தீர்மானித்ததற்குக் காரணம் இவற்றுள் ஒன்று என்று நினைத்துக் கொண்டிருந்தேன். உண்மையான காரணம் கார்த்திகை மாதத்தில், வேலை விளம்பரமொன்றுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோது தெரியவந்தது. முன்னைய வேலைக்கான கடிதத்தை இணைக்கும்படி அதில் கேட்டிருந்தார்கள். என்னிடம் நியமனக் கடிதம் இல்லை. சம்பளச் சிட்டை இல்லை. ஒவ்வொரு மாதமும் பெயர் எழுதிய கடித உறையொன்றில் பணம் கிடைத்தது, உறையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வரவு இடாப்பில் நிரந்தர ஊழியர்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. எங்கள் பெயர்கள் காசாளரின் கொப்பியில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. ஏறக்குறைய ஓராண்டு நான் நின்ற இடத்தில் நான் நின்றேன் என்பதைக் காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லை என்பதை உணர்ந்த அந்த இரவில் எனக்கு அழுகை வந்தது.

ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதியும் இதோடு சேர்ந்ததுதான். 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியரின் சம்பாத்தியத்திலிருந்து நூற்றுக்கு 8 வீதமும் தொழில் கொள்வோரின் பங்காக 12 வீதமும் அந்த நிதிக்குச் செலுத்தப்பட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு தொழில் கொள்வோர் மேலும் 3 வீதம் செலுத்த வேண்டும். தற்காலிக ஊழியர், பகுதிநேர ஊழியர் என்ற வேறுபாடு இதில் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரித்துண்டு. என் சராசரிச் சம்பாத்தியத்துக்கு இரண்டு நிதிகளுக்குமான முதலாளியின் பங்கு மாதம் 3,000 ரூபா, பதினான்கு மாதங்களுக்கு 42,000 ரூபா. நான் இதைக் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. “அதெல்லாம் நிரந்தரமா நிக்கிற ஆக்களுக்குத்தான் பிள்ளை” என்றார். அவர் அதை உண்மையாகவே நம்பினார் என்றுதான் எனக்குத் தோன்றியது, அவருடைய தந்தை காலத்திலிருந்தே அந்தக் கடையில் அப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. இதை எழுதும் நாள் வரை அந்தத் தொகை கட்டப்படவில்லை. மூன்றாம் மாதத்திலிருந்து வேலை செய்த நாட்களையும் பெற்ற பணத்தையும் நான் ஒரு கொப்பியில் எழுதி வந்திருந்தேன். அதை வைத்துக்கொண்டு நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்வதற்கு வேண்டிய விபரங்களை இப்போது ஒழுங்குபடுத்தி வருகிறேன். கடையில் வேலைக்குச் சேர்பவர்கள் முதல் நாளிலேயே இப்படியொரு கொப்பியைத் தொடங்கிவிடுவது நல்லது.

விலகிய முறையைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்டதால் அதையும் சொல்கிறேன். பம்பலப்பிட்டி அலுவலகத்துக்கு கடிதம் இல்லாமலே விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் கடையைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். ஓராண்டாக அசையாத சரக்கை எப்படி அடையாளம் காண்பது, திருப்பிக் கொண்டுவரப்படும் சாறியை எந்தப் புத்தகத்தில் பதிவது, இரவு காசு மேசையில் உள்ள தொகை பில்லோடு ஒத்துப்போகாவிட்டால் முதலில் எங்கே தேடுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் நான் கண்ணால் கண்டதைச் சொன்னேன். அவர்களுடைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் புடவை வியாபாரிகள் என்பது எனக்கு அப்போது தெரியாது. வேலையை உறுதி செய்தார்கள், கடிதத்தைப் பின்னர் தரும்படி சொன்னார்கள்.

முதலாளியிடம் ஒரு மாதத்துக்கு முன்னரே சொல்லிவிட்டேன். “தை மாசக் கலியாணங்கள் முடியட்டும், பிறகு யோசிப்பம்” என்றார் அவர். தையில் கூறைக் கூட்டம் எப்படியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே புதிய அலுவலகத்தில் இரண்டு கிழமை தவணை கேட்டுப் பெற்று, மாத இறுதி வரை நின்றேன். சேவைக் கடிதம் கேட்டதற்கு, அரைநாள் பிள்ளைகளுக்கு அப்படி எழுதிக் கொடுத்த வழக்கமில்லை என்றார். நான் வேலை செய்த காலம், பகுதி, கடமைகள் ஆகியவற்றை எட்டு வரிகளில் நானே தட்டச்சு செய்து, கடையில் சனமில்லாத செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் முன் வைத்தேன். இரண்டு தரம் வாசித்தார். “பட்டுச் சாறிப் பகுதியில் தேர்ச்சி உடையவர்” என்று தன் கையாலேயே ஒரு வரி சேர்த்துக் கையொப்பமிட்டு முத்திரை குத்தினார். அந்த வரியை நான் எதிர்பார்க்கவில்லை.

புதிய வேலையில் கிழமைக்கு இருபது மணித்தியாலங்கள், மாதம் 28,000 ரூபா, நியமனக் கடிதம், சேமலாப நிதி இலக்கம் எல்லாம் உண்டு. பரீட்சைக் கால விடுப்பு கடிதத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேசையிலிருந்து எழுந்தால் ஏழு மணிக்கு முன் அறைக்குத் திரும்பிவிடலாம். மனிதர் முகம் பார்த்துப் பேசும் வேலை அது அல்ல. சில மாலைகளில் அந்த இரண்டாம் மாடியின் சத்தத்துக்காக மனம் ஏங்குகிறது.

ஆகவே வேலை தேடும் மாணவர்களுக்கு நான் சொல்வது இது: இந்தக் கடையில் ஓர் ஆண்டு நிற்கலாம், அதற்கு மேல் வேண்டாம், நிற்பதற்கு முன் நியமனக் கடிதம் கேளுங்கள். சாறி வாங்கப் போகிறவர்களுக்கோ, வெள்ளவத்தையில் இதைவிட நம்பிக்கையான பட்டுச் சாறிப் பகுதியை நான் அறியேன். விலகிய பிறகு அம்மாவுக்கு ஒரு சாறி எடுக்க நானும் அங்குதான் போனேன். கிழமை நாட்களில் காலையிலோ மதியத்துக்குப் பிறகோ போங்கள், மறுபக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், நூலை எரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். விரித்தவற்றில் வேண்டாம் என்று முடிவு செய்த சாறியை அப்போதே சொல்லிவிடுங்கள். கதவு இறக்கப்படுவதற்கு முன்னரே அதை மடித்து வைக்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும்.